கியூரியா, பெக்கரலா? கதிரியக்க அலகுகளை மாற்றக் கற்றுக்கொள்வோம்

தைராய்டு சிகிச்சைக்குப் போனவரின் சீட்டில் "100 மில்லிகியூரி" என்று இருக்கும். அதே சிகிச்சையைப் பற்றி இணையத்தில் தேடினால் "3.7 ஜிகாபெக்கரல்" என்று வரும். வீட்டுக்குள் சேரும் ரேடான் வாயுவை அமெரிக்காவில் லிட்டருக்கு இத்தனை பிக்கோகியூரி என்பார்கள், ஐரோப்பாவில் கனமீட்டருக்கு இத்தனை பெக்கரல் என்பார்கள். செர்னோபில் அணு உலை விபத்து பற்றிய பழைய வரைபடங்களை எடுத்தால் சதுர கிலோமீட்டருக்கு இத்தனை கியூரி என்று இருக்கும். அளக்கப்படுவது எல்லா இடத்திலும் ஒன்றேதான், அலகுகள்தான் வேறு வேறு.

இயற்பியல் படிக்கும் மாணவர்கள், அணு மருத்துவத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், வீட்டில் ஒருவருக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள நினைப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டே போட்டுப் பார்த்தால்தான் இது கையில் நிற்கும்.

படி 1: எந்தக் கேள்விக்கான அலகு என்று முதலில் பாருங்கள்

கணக்குக்குள் இறங்கும் முன் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும். நான் பார்த்தவரை, தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் குழம்புவது பெருக்கலில் அல்ல, இந்த இடத்தில்தான்.

கதிரியக்கத்தைப் பற்றி இரண்டு தனித்தனிக் கேள்விகள் கேட்கலாம். ஒன்று: இந்தப் பொருளில் நொடிக்கு எத்தனை அணுக்கருக்கள் சிதைகின்றன? இதற்கு விடை சொல்லும் அலகுகள் பெக்கரலும் கியூரியும். இன்னொன்று: அந்தக் கதிர்வீச்சால் உடம்பு எவ்வளவு ஆற்றலை வாங்கியது, அதனால் எவ்வளவு பாதிப்பு வரலாம்? இதற்கு விடை சொல்பவை கிரே, சீவர்ட், அவற்றின் பழைய வடிவங்களான ராட், ரெம்.

முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு ஒரே பெருக்கலில் போக முடியாது. 1 மெகாபெக்கரல் டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) மூடிய கண்ணாடிக் குப்பியில் இருந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதன் பீட்டா கதிருக்குக் கண்ணாடியைத் தாண்டும் வலு இல்லை. அதே 1 மெகாபெக்கரல் கோபால்ட்-60 என்றால் கதை வேறு. அது ஒவ்வொரு முறை சிதையும்போதும் ஒரு பீட்டா துகளையும், ஊடுருவும் திறன் மிகுந்த இரண்டு காமா கதிர்களையும் வெளியிடுகிறது. சிதைவு எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. ஆனால் உடம்புக்கு வந்து சேர்வது ஒன்றல்ல.

பள்ளியில் கியூரி, ரூதர்போர்டு, பெக்கரல், ராண்ட்ஜன் நான்கையும் ஒரே மூச்சில் படித்தவர்கள் ராண்ட்ஜனை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். எக்ஸ் கதிரும் காமா கதிரும் காற்றில் எவ்வளவு மின்னூட்டத்தை உண்டாக்குகின்றன என்பதைச் சொல்லும் அலகு அது. கியூரியை ராண்ட்ஜனாக மாற்றச் சொல்லி யாராவது கேட்டால், கேள்வியே முழுமையாக இல்லை என்று அர்த்தம். எந்தத் தனிமம், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் அதற்கு விடை கிடையாது.

படி 2: அடிப்படைச் சமன்பாடு

பெக்கரல் எளிது. நொடிக்கு ஒரு சிதைவு என்றால் 1 பெக்கரல். 1896-இல் யுரேனிய உப்பில் கதிரியக்கத்தைக் கண்டறிந்த ஹென்றி பெக்கரலின் பெயரில் 1975-இல் இந்த அலகு ஏற்கப்பட்டது.

கியூரி அதைவிட மூத்தது. 1910-இல் பிரசல்ஸில் நடந்த மாநாட்டில் அது பிறந்தபோது, 1 கிராம் ரேடியத்தோடு சமநிலையில் இருக்கும் ரேடான் வாயுவின் அளவு என்று வரையறுத்தார்கள். 1 கிராம் ரேடியத்தில் நொடிக்கு ஏறக்குறைய 3,700 கோடி சிதைவுகள் நடக்கின்றன. பின்னாளில் ரேடியத்தை விட்டுவிட்டு, அந்த எண்ணையே துல்லியமான வரையறையாக வைத்துக்கொண்டார்கள்:

1 கியூரி = 3.7 × 10¹⁰ பெக்கரல் = 3,700 கோடி பெக்கரல்

ரூதர்போர்டு என்பது நொடிக்கு 10 இலட்சம் சிதைவுகள், அதாவது 1 மெகாபெக்கரல். தேர்வுத் தாளுக்கு வெளியே இன்று அதை யாரும் பயன்படுத்துவதில்லை.

இனி முன்னொட்டுகள். நமக்கு இலட்சம், கோடி பழகியிருப்பதால் இப்படி மனதில் வைத்துக்கொள்வது வசதி: கிலோ என்றால் ஆயிரம், மெகா என்றால் பத்து இலட்சம், ஜிகா என்றால் நூறு கோடி, டெரா என்றால் இலட்சம் கோடி. கீழே இறங்கினால் மில்லி ஆயிரத்தில் ஒன்று, மைக்ரோ பத்து இலட்சத்தில் ஒன்று, நானோ நூறு கோடியில் ஒன்று, பிக்கோ இலட்சம் கோடியில் ஒன்று.

இவற்றை கியூரியோடு சேர்த்தால் வருவது இதுதான். இதை மட்டும் தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்:

1 கியூரி = 37 ஜிகாபெக்கரல்
1 மில்லிகியூரி = 37 மெகாபெக்கரல்
1 மைக்ரோகியூரி = 37 கிலோபெக்கரல்
1 நானோகியூரி = 37 பெக்கரல்
1 பிக்கோகியூரி = 0.037 பெக்கரல்

கியூரி பக்கம் ஒரு படி இறங்கினால் பெக்கரல் பக்கமும் ஒரு படி இறங்குகிறது. 37 மட்டும் அப்படியே நிற்கிறது. மில்லிக்கு மெகா, மைக்ரோவுக்கு கிலோ என்ற ஜோடிகள் மனதில் இருந்தால் பத்தின் அடுக்குகளைத் தொடவே வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. ஆங்கிலச் சுருக்கங்களில் சின்ன 'எம்' என்றால் மில்லி, பெரிய 'எம்' என்றால் மெகா. இரண்டுக்கும் இடையே 100 கோடி மடங்கு வித்தியாசம். கையால் எழுதும்போது முன்னொட்டை முழுதாக எழுதுவதே நல்லது.

படி 3: மாற்றிப் பார்ப்போம்

கியூரி குடும்பத்திலிருந்து பெக்கரலுக்குப் போக 37-ஆல் பெருக்க வேண்டும். திரும்பி வர 37-ஆல் வகுக்க வேண்டும்.

எலும்பு ஸ்கேனுக்கு டெக்னீசியம்-99எம் 20 மில்லிகியூரி கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 × 37 = 740. மில்லியின் ஜோடி மெகா. ஆக 740 மெகாபெக்கரல். பெட் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஃப்ளோரின்-18 சேர்ந்த மருந்து 370 மெகாபெக்கரல் என்று போட்டிருந்தால், 370 ÷ 37 = 10 மில்லிகியூரி.

கொஞ்ச நாள் பழகினால் 185, 370, 555, 740, 1,110, 1,850 போன்ற எண்களைப் பார்த்ததுமே இது கியூரியில் முழு எண்ணாக முடிவு செய்து பிறகு பெக்கரலுக்கு மாற்றியது என்று தெரிந்துவிடும். எல்லாம் 37-இன் மடங்குகள்.

மனக்கணக்குக்கு இரண்டு வழிகள் உண்டு. 37-ஆல் பெருக்க, 40-ஆல் பெருக்கி அதிலிருந்து 3 மடங்கைக் கழியுங்கள். 37-ஆல் வகுக்க இன்னும் அழகான வழி இருக்கிறது. 27 × 37 = 999, கிட்டத்தட்ட ஆயிரம். எனவே 37-ஆல் வகுப்பதும், 27-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பதும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். 1 பெக்கரல் = 27 பிக்கோகியூரி என்று புத்தகங்களில் இருப்பது இதுவே.

முதல் வழிக்கு ஒரு நிஜ எண். 1987 செப்டம்பரில் பிரேசிலின் கொயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து புற்றுநோய் சிகிச்சைக் கருவியின் பாகத்தை எடுத்துப்போய் உடைத்தார்கள். உள்ளே இருந்த சீசியம்-137 ஊருக்குள் பரவியது. நான்கு பேர் இறந்தார்கள். அந்த மூலத்தின் அளவு 1,375 கியூரி. 1,375 × 40 = 55,000. 1,375 × 3 = 4,125. கழித்தால் 50,875. கியூரியின் ஜோடி ஜிகா. ஆகவே 50,875 ஜிகாபெக்கரல், அதாவது சுமார் 50.9 டெராபெக்கரல்.

இரண்டாவது வழிக்கு: ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு 2012 ஏப்ரலில் ஜப்பான், பொதுவான உணவுப் பொருள்களில் கதிரியக்க சீசியத்துக்கு கிலோவுக்கு 100 பெக்கரல் என்று வரம்பு வைத்தது. 100 × 27 = 2,700 பிக்கோகியூரி, அதாவது கிலோவுக்கு 2.7 நானோகியூரி.

படி 4: நிமிடக் கணக்கு, எண்ணும் கருவிக் கணக்கு

உயிரியல் ஆய்வகங்களில் இன்றும் நிமிடத்துக்கு இத்தனை சிதைவுகள் என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. நிமிடத்துக்கு 60 நொடிகள் என்பதால் 1 பெக்கரல் = நிமிடத்துக்கு 60 சிதைவுகள். 1 மைக்ரோகியூரி = 37,000 × 60 = நிமிடத்துக்கு 22.2 இலட்சம் சிதைவுகள்.

இங்கே கவனிக்க வேண்டியது, கருவி காட்டுவது சிதைவுகளின் எண்ணிக்கை அல்ல. அதன் கண்ணில் பட்டவற்றின் எண்ணிக்கை மட்டுமே. கதிர்கள் எல்லாத் திசையிலும் போகின்றன. சில கருவிக்கு எதிர்ப்பக்கம் போய்விடும், சில மாதிரிக்குள்ளேயே அடங்கிவிடும், சில கருவிக்குள் நுழைந்தும் பதிவாகாமல் கடந்துவிடும். நடந்த சிதைவுகளில் எத்தனை சதவீதம் பதிவாகிறது என்பதைக் கருவியின் திறன் என்கிறோம். அளவு தெரிந்த ஒரு மூலத்தை அதே இடத்தில், அதே தூரத்தில் வைத்து இதை முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும். எந்தத் தனிமத்துக்குக் கண்டுபிடித்தோமோ அந்தத் தனிமத்துக்குத்தான் அது பொருந்தும்.

உதாரணமாக, மாதிரியை வைத்தபோது நிமிடத்துக்கு 1,350 எண்ணிக்கை வருகிறது. மாதிரி இல்லாமல் வெறுமனே வைத்தால் 150, இதுதான் பின்னணி. கழித்தால் 1,200. கருவியின் திறன் 20 சதவீதம் என்றால், 1,200 ÷ 0.20 = நிமிடத்துக்கு 6,000 சிதைவுகள். 60-ஆல் வகுத்தால் 100 பெக்கரல். கியூரியில் 2.7 நானோகியூரி. பின்னணியைக் கழிப்பது, திறனால் வகுப்பது, 60-ஆல் வகுப்பது என்ற இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பின்னணியைக் கழிக்காமல் திறனால் வகுத்தால் பின்னணியும் ஐந்து மடங்காகி உள்ளே நுழைந்துவிடும்.

படி 5: லிட்டருக்கு, கனமீட்டருக்கு, சதுர கிலோமீட்டருக்கு

அலகுக்குக் கீழே இன்னொரு அலகு வரும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். மேலே உள்ளதைத் தனியாக, கீழே உள்ளதைத் தனியாக மாற்றினால் சிக்கல் வராது.

ரேடானை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 4 பிக்கோகியூரி அல்லது அதற்கு மேல் இருந்தால் வீட்டில் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மேல் பக்கம்: 4 × 0.037 = 0.148 பெக்கரல். கீழ்ப் பக்கம்: 1 கனமீட்டர் என்பது 1,000 லிட்டர். 0.148 × 1,000 = 148. ஆக, கனமீட்டருக்கு 148 பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு கனமீட்டருக்கு 100 பெக்கரல், அதாவது லிட்டருக்கு 2.7 பிக்கோகியூரி. ஒரே அலகுக்குக் கொண்டுவந்த பிறகுதான் இரண்டில் எது கடுமையானது என்பது தெரிகிறது.

அடுத்தது செர்னோபில். 1986 ஏப்ரல் 26 விபத்துக்குப் பிறகு பெலாரஸ், உக்ரைன், ரஷ்யா மூன்றிலும் மண்ணில் படிந்த சீசியம்-137-ஐ வைத்து நிலத்தை வகை பிரித்தார்கள். சர்வதேச அறிக்கைகளில் அந்த எல்லைகள் சதுர மீட்டருக்கு 37, 185, 555, 1,480 கிலோபெக்கரல் என்று இருக்கும். முதன்முறை பார்ப்பவருக்கு இது புரியாது. எல்லை வகுக்கிறவர்கள் 50, 200, 500 என்றல்லவா வைப்பார்கள்? திருப்பி மாற்றிப் பாருங்கள்.

1 கியூரி என்பது 3.7 × 10¹⁰ பெக்கரல். 1 சதுர கிலோமீட்டர் என்பது 1,000 × 1,000 = 10 இலட்சம் சதுர மீட்டர். 3,700 கோடியை 10 இலட்சத்தால் வகுத்தால் 37,000. ஆக, சதுர கிலோமீட்டருக்கு 1 கியூரி = சதுர மீட்டருக்கு 37 கிலோபெக்கரல். இப்போது அந்த நான்கு எண்களையும் 37-ஆல் வகுத்தால் 1, 5, 15, 40 என்று வரும். சோவியத் அதிகாரிகள் கியூரியில் முழு எண்களாக எல்லை போட்டார்கள். பிறகு வந்தவர்கள் அதை அப்படியே புதிய அலகுக்கு மாற்றினார்கள். 37-க்கு மேல் மாசுபட்ட நிலம், 555-க்கு மேல் கடுமையான கட்டுப்பாட்டுப் பகுதி. எந்தக் குடும்பம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், எது இருக்கலாம் என்பதைத் தீர்மானித்த எண்கள் இவை. அதனால்தான் மாற்றும்போது அவசரப்படக் கூடாது என்கிறேன். சதுர கிலோமீட்டருக்கு 1,000 சதுர மீட்டர் என்று தவறாக எடுத்துக்கொண்டால் விடை ஆயிரம் மடங்கு பிழையாகிவிடும்.

படி 6: தேதி இல்லாத எண்ணை நம்பாதீர்கள்

கதிரியக்கத்தின் அளவு ஓர் இடத்தில் நிற்காது. சீசியம்-137-இன் அரை ஆயுட்காலம், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 30 ஆண்டுகள். சிதைவை மட்டும் பார்த்தால், 1986-இல் சதுர மீட்டருக்கு 1,480 கிலோபெக்கரல் இருந்த நிலத்தில் 2016-இல் ஏறக்குறைய 740 இருக்கும். 1986 வரைபடத்தின் எண்ணை இன்றைய அளவு என்று எழுதுவது தவறு.

மருத்துவமனையில் இது மணிக்கணக்கு விவகாரம். டெக்னீசியம்-99எம்-இன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். காலை 7 மணிக்கு ஜெனரேட்டரிலிருந்து (டெக்னீசியத்தைப் பிரித்தெடுக்கும் கருவி) 200 மில்லிகியூரி எடுத்தால் பகல் 1 மணிக்கு 100 மில்லிகியூரிதான் மிஞ்சும். 10 மணிக்கு? நேராக 150 என்று போட்டுவிடத் தோன்றும். ஆனால் இது நேர்கோட்டில் குறைவதில்லை. சூத்திரம் இது:

இப்போதைய அளவு = ஆரம்ப அளவு × (½)^(கடந்த நேரம் ÷ அரை ஆயுட்காலம்)

3 ÷ 6 = 0.5. அரையின் வர்க்கமூலம் 0.707. 200 × 0.707 = 141.4 மில்லிகியூரி. 37-ஆல் பெருக்கினால் சுமார் 5,230 மெகாபெக்கரல், அதாவது 5.23 ஜிகாபெக்கரல். அலகை முதலில் மாற்றிவிட்டுச் சிதைவைக் கணக்கிட்டாலும் இதே விடைதான் வரும். ஹாட் லேபில் (கதிரியக்க மருந்து தயாரிக்கும் அறை) டோஸ் கேலிபிரேட்டர் என்ற அளவிடும் கருவியின் திரையில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது பக்கத்திலேயே மணியையும் குறிப்பது இதற்காகத்தான்.

படி 7: கிராமுக்கும் பெக்கரலுக்கும் உள்ள உறவு

"1 கிராம் எத்தனை பெக்கரல்?" என்ற கேள்விக்குத் தனிமத்தின் பெயர் தெரிந்தால் விடை உண்டு. நொடிக்கான சிதைவு = சிதைவு மாறிலி × அணுக்களின் எண்ணிக்கை. சிதைவு மாறிலி என்பது 0.693-ஐ நொடிகளில் எழுதிய அரை ஆயுட்காலத்தால் வகுத்தால் கிடைப்பது.

ரேடியம்-226-க்குப் போட்டுப் பார்ப்போம். அரை ஆயுட்காலம் 1,600 ஆண்டுகள். ஓர் ஆண்டு 3.156 × 10⁷ நொடிகள், ஆக 5.05 × 10¹⁰ நொடிகள். 0.693-ஐ இதால் வகுத்தால் 1.37 × 10⁻¹¹. 1 கிராமில் உள்ள அணுக்கள், அவகாட்ரோ எண்ணை அணு நிறையால் வகுத்தால், 6.022 × 10²³ ÷ 226 = 2.66 × 10²¹. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 3.66 × 10¹⁰ பெக்கரல். கியூரியின் வரையறைக்கு மிக அருகில் வந்துவிட்டோம். அன்றைய அளவீடு எவ்வளவு நன்றாக இருந்தது என்று நாமே கையால் சரிபார்த்துவிட்டோம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

இதே வழியில் போட்டால் 1 கிராம் சீசியம்-137-இல் சுமார் 3.2 டெராபெக்கரல் வரும். அப்படியானால் கொயானியாவில் அத்தனை பேரை வதைத்த 50.9 டெராபெக்கரல் என்பது சுமார் 16 கிராம் சீசியம்-137தான். நேர்மாறாக, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் உள்ள தோரியம்-232-இன் அரை ஆயுட்காலம் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அதனால் 1 கிராம் தோரியம்-232-இல் நொடிக்கு 4,000 சிதைவுகள் அளவுக்கே நடக்கின்றன. அரை ஆயுட்காலம் குறையக் குறைய, கிராமுக்கான கதிரியக்கம் கூடும்.

நம் உடம்பிலும் கதிரியக்கம் உண்டு. இயற்கைப் பொட்டாசியத்தில் 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40. அதனால் 1 கிராம் பொட்டாசியத்தில் சுமார் 31 பெக்கரல் இருக்கும். பெரியவர் ஒருவர் உடம்பில் 140 கிராம் பொட்டாசியம் என்று கொண்டால் 4,300 பெக்கரலுக்கு மேல். கியூரியில் சொன்னால் வெறும் 0.12 மைக்ரோகியூரி. செய்தியில் "ஆயிரக்கணக்கான பெக்கரல்" என்று படிக்கும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பெக்கரல் மிகச் சின்ன அலகு, எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். கியூரி மிகப் பெரிய அலகு, எண்ணிக்கை சின்னதாகத் தெரியும். அலகைப் பார்க்காமல் பயப்படவும் வேண்டாம், அலட்சியமாக இருக்கவும் வேண்டாம்.

படி 8: சீவர்ட் பக்கம் ஒரு எட்டு

உடம்பு வாங்கும் அளவில் பழையதும் புதியதும் நூறு மடங்கு வித்தியாசம், அவ்வளவுதான். 1 கிரே = 100 ராட். 1 சீவர்ட் = 100 ரெம். 1 மில்லிசீவர்ட் = 100 மில்லிரெம். இந்தியாவில் பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட், அதாவது 100 மில்லிரெம்.

பெக்கரலிலிருந்து சீவர்ட்டுக்குப் போக ஒவ்வொரு தனிமத்துக்கும், அது உடம்புக்குள் போகும் வழிக்கும் தனித்தனிக் குணகம் உண்டு. சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் இவற்றை அட்டவணையாக வெளியிட்டிருக்கிறது. பெரியவர் ஒருவர் சீசியம்-137-ஐ உணவோடு உட்கொண்டால் பெக்கரலுக்கு 1.3 × 10⁻⁸ சீவர்ட். ஜப்பானின் வரம்பை முழுதாகத் தொட்ட உணவை ஒரு கிலோ சாப்பிட்டால், அதில் இருக்கும் 100 பெக்கரலும் சீசியம்-137 என்றே வைத்துக்கொண்டாலும், 1.3 மைக்ரோசீவர்ட். பழைய கணக்கில் 0.13 மில்லிரெம்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

1. 15 மில்லிகியூரி எத்தனை மெகாபெக்கரல்?
2. ஒரு வீட்டில் ரேடான் கனமீட்டருக்கு 200 பெக்கரல். லிட்டருக்கு எத்தனை பிக்கோகியூரி?
3. அயோடின்-131-இன் அரை ஆயுட்காலம் 8 நாள். இன்று 3.7 ஜிகாபெக்கரல் இருந்தால் 16 நாள் கழித்து எத்தனை மில்லிகியூரி?
4. கருவியில் நிமிடத்துக்கு 500 எண்ணிக்கை, பின்னணி 50, திறன் 30 சதவீதம். எத்தனை பெக்கரல்?

விடைகள்: முதலாவது 555 மெகாபெக்கரல். இரண்டாவது சுமார் 5.4 பிக்கோகியூரி. மூன்றாவது 25 மில்லிகியூரி. நான்காவது 25 பெக்கரல். நான்காவதுக்கு 27.8 என்று வந்திருந்தால் பின்னணியைக் கழிக்க மறந்திருக்கிறீர்கள், படி 4-ஐ இன்னொரு முறை பாருங்கள்.